காஸ்மிக் கதிர் துளைத்த தடத்தில் நானோ கம்பி: துறை மாற்றமா, ஒரே ஆய்வின் தொடர்ச்சியா?

தடம்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி இயற்பியல் மன்ற ஆண்டு மலருக்காக, வேகமான அணுக்கருக்கள் திடப்பொருள்களைத் துளைத்துச் செல்லும்போது பதிக்கும் நுண்ணிய சேதத்தை, அதாவது அணுக்கருத் தடங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வரைவைப் படித்த மூத்த பேராசிரியர் ஒருவர், "காஸ்மிக் கதிரில் தொடங்கி நானோ கம்பியில் கொண்டுபோய் விட்டிருக்கிறாய்; இடையில் பாலத்தைக் காணோம்" என்று ஓரத்தில் குறித்துத் திருப்பித் தந்தார். பாலம் இருக்கிறது என்றே நான் உறுதியாக எண்ணுகிறேன். என் வாதத்தை இங்கே வைக்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

1958இல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் டி. ஏ. யங் என்பவர், லித்தியம் புளோரைடு படிகத்தை யுரேனியத் தகட்டோடு ஒட்டி வைத்து நியூட்ரான்களுக்குக் காட்டினார். பிறகு அமிலத்தில் அரித்தபோது, யுரேனிய அணுக்கரு பிளந்து சிதறிய துணுக்குகள் தாக்கிய இடங்களில் குழிகள் தோன்றின. அடுத்த ஆண்டே அங்கிருந்த சில்க், பார்ன்ஸ் இருவரும் மைக்காவில் அந்தத் தடங்களை மின்னணு நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தனர். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எலக்ட்ரான் கற்றையில் தடங்கள் மங்கி மறைந்தன. மேலும், அந்த நுண்ணோக்கியில் ஒரே பார்வையில் அகப்படும் பரப்பு மிகச் சிறியது.

நியூயார்க் மாநிலத்தின் ஷெனெக்டடி நகரில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் இருந்த பியூஃபோர்டு பிரைஸ், ராபர்ட் வாக்கர் இருவரும் 1962 வாக்கில் அந்த மைக்காவை ஹைட்ரோபுளூரிக் அமிலத்தில் இட்டனர். அணுத் துகள் சென்ற வழியை அமிலம் முதலில் தின்றது. மற்ற இடத்தை மெதுவாகத் தின்றது. சில நானோமீட்டர் அகலமே இருந்த சேதம், சாதாரண ஒளி நுண்ணோக்கியில் தெரியும் நிலையான துளையாயிற்று. உலோகங்களின் வலிமையை ஆராய்ந்துகொண்டிருந்த ராபர்ட் பிளெய்ஷர் இவர்களோடு சேர்ந்த பிறகு, கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் அதே வித்தை பலிக்கும் என்பது தெரியவந்தது. மூவரும் சேர்ந்து 1975இல் வெளியிட்ட "திண்மங்களில் அணுக்கருத் தடங்கள்" என்னும் நூலே இன்றளவும் இத்துறையின் மூலநூல்.

இந்த மூவரும் விண்கற்களிலும் நிலவுப் பாறையிலும் விண்வெளிக்குப் போய்வந்த பிளாஸ்டிக்கிலும் காஸ்மிக் கதிர்களைத் தேடினார்கள். அதே அரிப்பு முறையில் செய்த துளைத் தாள்கள் வடிகட்டிகளாகக் கடைக்கு வந்தன. 1970இல் போசின் என்பவர் மைக்காவின் தடத் துளைகளுக்குள் மின்படிவு முறையில் 40 நானோமீட்டர் விட்டமுள்ள உலோகக் கம்பிகளை வளர்த்தார். "நானோடெக்னாலஜி" என்ற சொல்லை நோரியோ தானிகுச்சி கையாண்டதே 1974இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பொருளும் அரிப்புத் தொட்டியும் மாறவில்லை. துளையைக் கொண்டு செய்யும் வேலை மட்டுமே மாறியிருக்கிறது. ஆகவே இதைத் துறை மாற்றம் என்று சொல்வது பொருந்தாது என்பது என் கருத்து.

மின்முலாம் எழுதியது:

தடம்தேடி அவர்களுக்கு வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் நான்கு ஆண்டுகள் இந்தத் துளைகளோடு குடும்பம் நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். செய்முறையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு நீங்கள் சொல்லும் தொடர்ச்சி உடனே பிடிபடும்.

பத்து மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முடுக்கியிலிருந்து வரும் கனமான அயனிகள் அதை ஊடுருவிச் சென்ற பிறகும் அது பார்வைக்கு வெறும் தாளாகத்தான் இருக்கும். சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சில நிமிடங்கள் அரித்தால், ஒவ்வோர் அயனிக்கும் ஒரு துளை வீதம் திறந்துகொள்ளும். பிறகு தாளின் ஒரு பக்கத்தில் மெல்லிய தங்கப் பூச்சை ஏற்றி அதை எதிர்மின்வாயாக்கி, மறுபக்கத்தில் செம்பு சல்பேட்டுக் கரைசலை ஊற்றி மின்னோட்டத்தைச் செலுத்த வேண்டும். செம்பு, துளையின் அடியிலிருந்து மேல்நோக்கி வளரும்.

உள்ளே நடப்பதைக் கண்ணால் காண முடியாது; மின்னோட்ட வரைகோட்டில்தான் படிக்க வேண்டும். தொடக்கத்தில் கோடு சற்று இறங்கும். பின்னர் நெடுநேரம் கிடைமட்டமாகப் போகும். கம்பிகள் துளை வாயை எட்டியதும் திடீரென்று செங்குத்தாக ஏறும். அந்த ஏற்றம் தெரிந்த கணமே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தவறினால் ஒவ்வொரு கம்பியின் தலையிலும் செம்பு காளான்போல் விரிந்து, பக்கத்துக் காளானோடு ஒட்டிக்கொண்டு, தாளின் மேல் வெறும் செம்புத் தகடு நிற்கும். என் முதல் பதினொரு தாள்கள் அப்படித்தான் போயின. சரியாக நிறுத்திய தாளை டைகுளோரோமீத்தேனில் கரைத்துவிட்டு மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, பிடுங்கி வைத்த நாற்றுமுடிபோல் கொத்துக் கொத்தாக நிற்கும்.

உங்கள் கட்டுரையில் இன்னொன்றும் சேர வேண்டும். பெரும்பாலான உலோகங்களில் இந்தத் தடங்கள் பதிவதே இல்லை. மூவரும் 1965இல் தந்த விளக்கப்படி, வேகமான அணுக்கரு தன் வழியிலுள்ள அணுக்களின் எலக்ட்ரான்களைப் பிடுங்கிவிடுகிறது. நேர்மின்னேற்றம் பெற்ற அணுக்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் அந்த இழை நெடுகச் சேதம் நிலைத்துவிடுகிறது. உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஓடிவந்து அந்த மின்னேற்றத்தை நொடியும் தாமதிக்காமல் ஈடுசெய்துவிடும்; தடத்திற்கு நேரமே இல்லை. தடத்தைத் தாங்காத அதே உலோகத்தை, பிளாஸ்டிக் தாங்கிய தடத்திற்குள் வார்த்து எடுக்கிறோம்.

கூர்நோக்கு எழுதியது:

இருவரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் தடம்தேடி அவர்களின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

நானோ பொருள் துறையில் இந்த முறையைப் பரவலாக்கியவர் சார்லஸ் மார்ட்டின் என்னும் வேதியியலாளர். 1994இல் "சயின்ஸ்" இதழில் அவர் எழுதிய கட்டுரையே பலருக்கு நுழைவாயிலாக அமைந்தது. விலைக்குக் கிடைத்த வடிகட்டித் தாள்களும் அவருக்குக் கம்பிகளை வார்க்கும் அச்சாகப் பயன்பட்டன. அதற்குக் காஸ்மிக் கதிரைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. அதே 1994இல் பெல்ஜியத்தின் லூவேன், சுவிட்சர்லாந்தின் லோசான் ஆகிய இரு இடங்களிலும் கோபால்ட்டும் செம்பும் மாறிமாறி அடுக்கிய நானோ கம்பிகளைத் தடத் துளைகளில் வளர்த்து, அவற்றின் மாபெரும் காந்தமின்தடையை (காந்தப்புலத்தில் மின்தடை பெருமளவு மாறும் பண்பை) அளந்தார்கள். அவர்களை இழுத்து வந்தது காந்தவியல். ஒரு கருவி துறைவிட்டுத் துறை போவதாலேயே ஆய்வு தொடர்கிறது என்று ஆகிவிடாது. தச்சரும் மருத்துவரும் எஃகுக் கத்தியைத்தான் பிடிக்கிறார்கள். அதற்காகத் தச்சுவேலையின் தொடர்ச்சியே அறுவை மருத்துவம் என்று யாரும் எழுதுவதில்லை.

காஸ்மிக் கதிர் ஆய்வில் கற்ற ஏதோ ஓர் அறிவு நானோ பொருள் ஆய்வில் உள்ளே நின்று வேலை செய்கிறது என்று காட்டினால்தான் அது பாலம். தாள் பொது என்பது மட்டும் போதாது.

தடம்தேடி எழுதியது:

கூர்நோக்கு அவர்களின் கேள்வி நியாயமானது. இரண்டு நாள் யோசித்த பிறகே எழுதுகிறேன்.

அரிப்பில் இரண்டு வேகங்கள் உண்டு. தடத்தின் வழியே கரைசல் இறங்கும் வேகம் ஒன்று. சேதமில்லாத பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு கரையும் வேகம் மற்றொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் துளை கூம்பாக அமையும். கூம்பு எவ்வளவு கூர்மையானது என்பதை இவ்விரண்டின் விகிதமே முடிவுசெய்கிறது. தடத்தின் வேகம் இரு மடங்காக மட்டும் இருந்தால் கூம்பின் அரைக்கோணம் 30 பாகை. நூறு மடங்காக இருந்தால் ஒரு பாகைக்கும் குறைவு, அதாவது ஏறத்தாழ நேரான குழாய்.

அந்த விகிதம், துகள் அவ்விடத்தில் எவ்வளவு அடர்த்தியாக அயனியாக்கம் செய்தது என்பதைப் பொறுத்தது. அயனியாக்கமோ துகளின் மின்னேற்றத்தையும் வேகத்தையும் பொறுத்தது. எனவே, தாள்களை அடுக்கடுக்காக வைத்து ஒவ்வொரு தாளிலும் கூம்பை அளந்துகொண்டே வந்தால், கடந்து சென்றது இரும்பின் அணுக்கருவா, அதைவிடக் கனமானதா என்று சொல்லிவிடலாம். காஸ்மிக் கதிர் ஆய்வாளருக்குக் கூம்பின் வடிவமே விடை.

நானோ கம்பி வளர்ப்பவருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. எந்த அயனி துளைத்தது, எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்பதைத் துளை காட்டவே கூடாது. எல்லாத் துளைகளும் ஒன்றுபோல் நேராக இருக்க வேண்டும். அதற்கு விகிதம் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். தங்கம், யுரேனியம் போன்ற கனமான அயனிகளை முடுக்கியில் தேர்வு செய்வதும், அரிப்பதற்கு முன் புறஊதா ஒளியில் தாளை வைப்பதும் அந்த விகிதத்தை உயர்த்துவதற்காகவே. எந்த அயனி எந்தப் பிளாஸ்டிக்கில் எந்த விகிதத்தைத் தரும் என்ற அளவீட்டை 1960களில் உழைத்துச் சேர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள், காஸ்மிக் கதிர்களை அடையாளம் காண விரும்பிய இந்த மூவரும் அவர்களைச் சேர்ந்தவர்களும்தாம். தாளை வாங்கிய வேதியியலாளருக்கு இது தெரிந்திருக்கத் தேவையில்லை என்பது உண்மை. தாளைச் செய்தவருக்கு இது தெரியாமல் இயலாது.

மலர்விழி_ஆசிரியை எழுதியது:

மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துபவள் நான். கூம்பின் கோணத்தை வைத்து அணுக்கருவை அடையாளம் காணலாம் என்பது வகுப்பில் சொல்ல மிக நல்ல செய்தி. ஆனால் மாணவர்கள் "அப்படி எங்கே பார்த்தார்கள் சார், மேடம்" என்று கேட்பார்களே. கையில் பிடித்துக் காட்டத்தக்க எடுத்துக்காட்டு ஒன்று தர முடியுமா?

தடம்தேடி எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு, எனக்குப் பிடித்தவை இரண்டு.

அப்பல்லோ விண்வெளி வீரர்களின் தலைக்கவசக் கோளம் லெக்சான் என்னும் பாலிகார்பனேட்டால் ஆனது. அதாவது, ஆய்வுக்கூடத்தில் தடம் பதிக்கப் பயன்படுத்திய பொருளையே வீரர்கள் தலையில் அணிந்து நிலவுக்குப் போய் வந்தார்கள். அப்பல்லோ 8, அப்பல்லோ 12 பயணங்களின் தலைக்கவசங்களை அரித்து, கனமான அணுக்கருக்கள் பதித்த தடங்களை எண்ணினார்கள். முடிவுகள் 1971இல் வெளிவந்தன. தலைக்கவசத்தில் தடம் பதித்த துகள் பெரும்பாலும் தலைக்குள்ளும் போயிருக்கும் என்பதால், மீண்டும் வளராத உயிரணுக்களுக்கு எவ்வளவு சேதம் நேர்ந்திருக்கலாம் என்றும் அதில் கணக்கிட்டார்கள். இதை முதன்முறை படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இரண்டாவது, சர்வேயர் 3. ஆளில்லாத அந்தக் கலம் 1967 ஏப்ரலில் நிலவில் இறங்கியது. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 வீரர்கள் அதன் அருகே நடந்து சென்று, தொலைக்காட்சிக் கேமராவைக் கழற்றிக் கொண்டுவந்தனர். அதன் வடிகட்டிக் கண்ணாடி 31 மாதங்கள் திறந்த வெளியில் கிடந்திருந்தது. ஷெனெக்டடியிலிருந்த பிளெய்ஷர் குழுவும், அதற்குள் பெர்க்லிக்குப் போய்விட்டிருந்த பிரைஸின் குழுவும் அந்தக் கண்ணாடியை அரித்து, சூரியனிலிருந்து வந்த இரும்புக் கூட்ட அணுக்கருக்களின் தடங்களைப் படித்தன. தடம் பதிக்கவென்று யாரும் அந்தக் கண்ணாடியை அங்கே வைக்கவில்லை.

கூர்நோக்கு எழுதியது:

விகிதத்தைப் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். என் "தாள் மட்டும் பொது" என்ற வாதம் அதோடு விழுந்துவிட்டது. ஆனால் கட்டுரையில் இந்த முறையின் தோல்வியையும் எழுத வேண்டும். கூம்பை அளந்து அணுக்கருவைச் சொல்லிவிடலாம் என்பது எளிதில் வாய்த்த வெற்றியன்று.

1973 செப்டம்பரில் அயோவா மாநிலத்தின் சூ சிட்டியிலிருந்து பறந்த பலூனில் லெக்சான் தாள் அடுக்கு ஒன்று இருந்தது. அதில் பதிந்த ஒரு தடத்தைக் காந்த ஒருமுனை (வடமுனையோ தென்முனையோ ஒன்று மட்டும் உள்ள, கொள்கையளவிலான துகள்) என்று 1975இல் பிரைஸ் குழு அறிவித்தது. சாதாரண அணுக்கரு ஒன்று வேகம் குறையக் குறைய அதன் அயனியாக்கம் கூட வேண்டும். இந்தத் தடத்திலோ தாளுக்குத் தாள் அது மாறாமல் இருந்தது. அதுதான் அவர்களை ஒருமுனையை நோக்கி இழுத்தது. இயற்பியலாளர் லூயி அல்வாரெஸ் வேறு விளக்கம் தந்தார். பிளாட்டினம் அணுக்கரு ஒன்று வழியில் சிதறி ஆஸ்மியமாகவும், மறுபடி சிதறி டாண்டலமாகவும் ஆகியிருந்தால், வேகக் குறைவால் கூட வேண்டிய அயனியாக்கத்தை மின்னேற்றக் குறைவு ஈடுகட்டிவிடும். பிரைஸ் குழு தன் தடத்தைத் திரும்ப அளந்து, ஒருமுனை என்ற விளக்கத்தை 1978இல் தானே கைவிட்டது.

இதை அவர்களுக்கு இழிவாக நான் சொல்லவில்லை. அளந்த தாள்கள் பத்திரமாக இருந்ததால்தான் மறுபடி அளக்க முடிந்தது. அந்த 1978இலேயே கார்ட்ரைட், ஷர்க், பிரைஸ் மூவரும் மூக்குக் கண்ணாடி வில்லை செய்யும் சிஆர்-39 பிளாஸ்டிக், லெக்சானைவிட நுட்பமாகத் தடம் பதிக்கும் என்று காட்டினார்கள்.

வில்லைக்காரர் எழுதியது:

சிஆர்-39 பேச்சு வந்ததால் இடையில் நுழைகிறேன். நம் நாட்டு ஆய்வு ஒன்று இங்கே விடுபட்டிருக்கிறது. 1985 ஏப்ரல் 29 அன்று புறப்பட்ட சேலஞ்சர் விண்கலத்திற்குள் இருந்த ஸ்பேஸ்லேப்-3 ஆய்வுக்கூடத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுகுமார் பிஸ்வாஸ் குழுவினர் "அனுராதா" என்ற கருவியை அனுப்பினார்கள். அது சிஆர்-39 தாள்களின் அடுக்கு. மேலடுக்கு அசையாமல் இருக்க, கீழடுக்கு மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. ஒரே துகளின் தடம் இரண்டு அடுக்கிலும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தால், அது எந்த நேரத்தில் வந்தது என்பது தெரியும். நேரம் தெரிந்தால் விண்கலம் அப்போது பூமியின் எந்தப் பகுதிக்கு மேல் இருந்தது என்பது தெரியும். பூமியின் காந்தப்புலம் அங்கே எவ்வளவு மின்னேற்றமுள்ள துகளை உள்ளே விடும் என்பதும் கணக்கில் வந்துவிடும். அந்த வழியில், அசாதாரணக் காஸ்மிக் கதிர்கள் எனப்படும் ஆற்றல் குறைந்த தனிவகைக் கதிர்களில் வரும் ஆக்சிஜன் பெரும்பாலும் ஒரே ஓர் எலக்ட்ரானை மட்டும் இழந்த நிலையில் வருகிறது என்ற முடிவை எட்டினார்கள். பிளாஸ்டிக் தாளுக்கு நேரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது பெரிய சாதனை என்று நினைக்கிறேன்.

செய்முறை பற்றி ஓர் எச்சரிக்கை. நான் படித்த இடத்தில் சிஆர்-39 தாள்களை 70 பாகை வெப்பக் கரைசலில் ஆறு மணி நேரம் மூடியில்லாத முகவையில் அரித்தோம். தண்ணீர் ஆவியாகிக் கரைசல் கெட்டியாகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. கடைசித் தாளின் குழிகள் முதல் தாளினுடையதைவிடப் பெரிதாக இருந்தன. ஒரே மூலத்திலிருந்து வந்த ஆல்பா துகள்களுக்கு இரண்டு வேறு ஆற்றல்களை எழுதி வைத்திருந்தோம். ஒரு மாத வேலையைத் திரும்பச் செய்தோம். மூடியும் கலக்கியும் இல்லாமல் எவரும் தொடங்க வேண்டாம்.

மின்முலாம் எழுதியது:

வில்லைக்காரர் அவர்களின் எச்சரிக்கை எங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

தடம்தேடி அவர்களின் விகித விளக்கத்திற்கு நான் சேர்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இந்த முறையின் எல்லை. அயனிகள் எங்கே விழும் என்பது தற்செயல். ஒரு சதுர சென்டிமீட்டரில் நூறு கோடித் துளைகள், ஒவ்வொன்றும் 100 நானோமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால், துளைகள் பிடிக்கும் பரப்பு ஏறத்தாழ 8 விழுக்காடுதான். ஆனால் நூற்றுக்கு 27 துளைகள் வேறொரு துளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். துளைகளைப் பத்துக் கோடியாகக் குறைத்தால் அது நூற்றுக்கு 3 ஆகும். அடர்த்தியும் ஒழுங்கும் வேண்டுவோர் நேர்மின்வாயில் வளர்த்த அலுமினா (அலுமினிய ஆக்சைடு) சவ்வுக்குப் போய்விடுகிறார்கள். அதில் துளைகள் தாமாகவே தேன்கூடுபோல் அமையும். எல்லா நானோ கம்பியும் காஸ்மிக் கதிரின் வாரிசு என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள்.

இரண்டாவது, தடத் தாளால் மட்டுமே ஆகக்கூடிய வேலை: ஒற்றைத் துளை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் முடுக்கியில் ஒரே ஓர் அயனியைத் தாளுக்குள் செலுத்திக் கற்றையை நிறுத்திவிட முடியும். இதற்கும் முன்னோடி ஷெனெக்டடிதான். 1970இல் அங்கே டிபிளாய்ஸ், பீன் இருவரும் பிளாஸ்டிக்கில் ஒற்றைத் தடத் துளையைத் திறந்து, இருபுறமும் உப்புக் கரைசலை வைத்து, மைக்ரோமீட்டருக்கும் குறைந்த அளவுள்ள துகள்கள் கடக்கும்போது மின்தடை ஒரு கணம் எகிறுவதைக் கொண்டு அவற்றை எண்ணினார்கள்.

பின்னாளில் டார்ம்ஸ்டாட்டின் ஸ்போர், ரஷ்யாவின் துப்னாவைச் சேர்ந்த ஆப்பெல் ஆகியோர் இடம்பெற்ற குழு ஒன்று, ஒற்றைத் துளையை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அரித்து வேண்டுமென்றே கூம்பாக்கியது. அந்தக் கூம்பு, அயனிகளை ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த்திசையில் அரிதாகவும் கடக்கவிட்டது. 2001இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் அதை டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் மின்கூறு) போன்றது என்றே குறிப்பிட்டார்கள். நானோ ஆய்வாளர்களுக்குக் கூம்பு வேண்டாம் என்று தடம்தேடி அவர்கள் எழுதியது கம்பி வளர்ப்போருக்கு மட்டுமே பொருந்தும். ஒற்றைத் துளைக்காரர்களுக்குக் கூம்பு வேண்டும். அதன் கோணமும் அளவோடு வேண்டும்.

கூர்நோக்கு எழுதியது:

இந்தக் கூம்புதான் நான் கேட்ட பாலம். பிரைஸ் கோணத்தை அளந்து அணுக்கருவைக் கண்டார். இவர்கள் அதே கோணத்தை வேண்டிய அளவில் வெட்டி மின்னோட்டத்தை ஆளுகிறார்கள். என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். தலைப்பில் "துறை மாற்றம்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

தடம்தேடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கட்டுரையின் நடுப்பகுதியை நேற்றிரவு முழுவதும் திருத்தி எழுதினேன். அலுமினா சவ்வைப் பற்றிய பத்தியையும், 1978இல் பிரைஸ் குழு தன் அறிவிப்பைக் கைவிட்டதையும் சேர்த்திருக்கிறேன். பழைய வரைவில் மார்ட்டினின் பெயரே இல்லை, இப்போது இருக்கிறது.

பேராசிரியர் குறிப்பெழுதிய அந்தப் பக்கத்தில் சொற்களைக் குறைத்து இரண்டு வரைபடங்களை அருகருகே வைக்கிறேன். இடப்பக்கம், கண்ணாடியில் கனமான அணுக்கரு விட்ட அரிப்புக் கூம்பு; வலப்பக்கம், தாளில் ஒரு முனை குறுகிய ஒற்றைத் துளை. இரண்டிலும் அரைக்கோணத்தை ஒரே எழுத்தால் குறித்துவிட்டேன். அளவுகோல் கோட்டை மட்டும் மாணவர் தவறாகப் படித்துவிடக் கூடாது என்பதால் படத்திற்குள்ளேயே பெரிதாக இடுகிறேன்: இடப்பக்கப் படத்தில் 10 மைக்ரோமீட்டர், வலப்பக்கப் படத்தில், குறுகிய முனையருகே, 10 நானோமீட்டர்.